ஆலோசனை அறைக்குள் பெற்றோர் வந்த கதை



சென்ற முறை பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதினேன். அதற்கு முன் காபிக்கொட்டையைப் பற்றி. இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். நீளமும் அதிகம். தேர்வு நேரத்தில் இருப்பவர்கள் பிறகு வந்து படியுங்கள்.

எனக்குப் பதினொரு வயதானபோது அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். வகுப்பில் சிலருக்கு இது தெரியும், பலருக்குத் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பரவாயில்லை. நான் யாருடனும் பேசுவதில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்ப, அம்மா என்னை ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போனார். மொத்தம் ஆறு சனிக்கிழமைகள். நான் உள்ளே இருப்பேன், அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்பா வரவே இல்லை. அவரை யாரும் கூப்பிடவும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அந்த மேடம் நல்லவர்தான். படம் வரையச் சொல்வார், கதை சொல்லச் சொல்வார். வெளியே வந்ததும் அம்மா, "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். அதன் பிறகு வீடு வரை பஸ்ஸில் இருவரும் பேச மாட்டோம்.

கல்லூரிக்கு வந்து நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை கொடுக்கும்போது பெற்றோரை உள்ளே விடுவதா, வெளியே உட்கார வைப்பதா என்பது நூறு வருடமாக நடக்கும் வாக்குவாதமாம்! அந்த பெஞ்சுக்கு இத்தனை பெரிய வரலாறு இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நான் உளவியல் மாணவன் இல்லை. இது ஆலோசனையும் இல்லை, வரலாறு மட்டுமே.

வியன்னாவில் ஓர் அப்பா

கதை 1908-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் தொடங்குகிறது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குதிரை என்றால் பயம். அந்தக் காலத்து வியன்னாத் தெருக்களில் எங்கு பார்த்தாலும் குதிரை வண்டிகள்தான். ஆகவே பையன் வெளியே வரவே மறுத்தான். அவனுடைய அப்பா மாக்ஸ் கிராஃப் ஓர் இசை விமர்சகர், சிக்மண்ட் ஃப்ராய்டின் நண்பர்களில் ஒருவர். பையன் சொன்னதையெல்லாம் எழுதி அவர் ஃப்ராய்டுக்கு அனுப்பினார். ஃப்ராய்டு சொன்ன யோசனைகளை வைத்து அப்பாவே மகனிடம் பேசினார். அந்தச் சிகிச்சையில் ஃப்ராய்டு சிறுவனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். 1909-இல் 'சின்ன ஹான்ஸ்' என்ற பெயரில் இதை அவர் வெளியிட்டார்.

ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்ட முதல் உளப்பகுப்பாய்வு என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதைச் செய்தவர் ஒரு பெற்றோர்! அதாவது இந்தத் துறை தொடங்கும்போது அப்பா அறைக்கு உள்ளேதான் இருந்தார்.

ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. பையனின் பெற்றோர் பிற்பாடு விவாகரத்து செய்து, இருவரும் தனித்தனியே மறுமணம் செய்துகொண்டார்கள். 1922-இல் பத்தொன்பது வயது இளைஞனாக அவன் ஃப்ராய்டைத் தேடி வந்தான். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தபோது அதில் எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்றான். அப்பா, அம்மா இருவருடனும் நல்ல உறவு இருக்கிறது, ஆனால் குடும்பம் உடைந்ததால் பிரியமான தங்கையை விட்டுப் பிரிய நேர்ந்ததுதான் வருத்தம் என்று சொன்னதாக ஃப்ராய்டு தம் பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். குதிரைப் பயத்துக்கு நூறு பக்கத்துக்கும் மேல். விவாகரத்துக்குச் சில வரிகள். அந்தக் காலத்தின் அளவு அது. அந்தச் சிறுவன் ஹெர்பர்ட் கிராஃப், பிற்காலத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெராவில் புகழ்பெற்ற இயக்குநராக இருந்தார்.

அம்மா ஓர் அறையில், பிள்ளை ஓர் அறையில்

குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வு தனித் துறையாக வளர்ந்தபோது, 1927 வாக்கில் இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்றார்கள். ஒருவர் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு. குழந்தை இன்னும் பெற்றோரைச் சார்ந்தே வாழ்கிறது, எனவே பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லாமல் சிகிச்சை இல்லை என்பது அவர் கட்சி. மற்றவர் மெலனி கிளைன். குழந்தையின் விளையாட்டே அதன் பேச்சு, அதன் மனதுக்குள் நடப்பதை நேரடியாக அணுகலாம், பெற்றோரைத் திருத்துவது பகுப்பாய்வாளரின் வேலை இல்லை என்பது அவர் வாதம். நாம் இப்போது பேசும் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வேறு பாதை. சிகாகோவில் 1899-இல் சிறார் நீதிமன்றம் வந்தது. அங்கே வரும் பிள்ளைகள் ஏன் தவறு செய்கிறார்கள் என்று ஆராய 1909-இல் வில்லியம் ஹீலி என்ற மருத்துவர் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1922 முதல் காமன்வெல்த் நிதியம் என்ற அறக்கட்டளை பணம் கொடுத்து, பல நகரங்களில் குழந்தை வழிகாட்டி நிலையங்களை நடத்திக் காட்டியது. ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று பேர் கொண்ட குழு. மனநல மருத்துவர் பிள்ளையைப் பார்ப்பார். உளவியலாளர் சோதனைகள் வைப்பார். சமூகப் பணியாளர் அம்மாவிடம் பேசுவார்.

கவனியுங்கள், அம்மாவிடம்தான். அப்பா பெரும்பாலும் கணக்கிலேயே இல்லை. அம்மாவிடம் பேசியதும் பெரும்பாலும் குற்றம் கண்டுபிடிக்கத்தான். அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தாலும் அம்மா தவறு, பாசம் காட்டாவிட்டாலும் அம்மா தவறு என்று அந்தக் காலத்து நிபுணர்கள் எழுதிக் குவித்தார்கள். டேவிட் லெவி 1943-இல் தாய்மார்களின் அதீதப் பாதுகாப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பெற்றோரை உள்ளே கூப்பிடுவது என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்று ஆகிவிட்ட காலம் அது. இந்த நினைவு லேசில் போகவில்லை. இன்றும் ஆலோசகர் "நீங்களும் வாங்க" என்றால் பல பெற்றோர் முகம் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நடுவே ஒரு குரல் வித்தியாசமாகக் கேட்டது. நியூயார்க்கில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லூயிஸ் டெஸ்பெர்ட் 1953-இல் விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோர்ட்டில் கிடைக்கும் விவாகரத்துக்கு வெகு முன்பே வீட்டுக்குள் மனதளவில் ஒரு விவாகரத்து நடந்துவிடுகிறது, பிள்ளையை முதலில் பாதிப்பது அதுதான் என்றார். எனவே முதலில் உதவி தேவைப்படுவது பெற்றோருக்கு என்பதும் அவர் கருத்து. ஆனால் விவாகரத்து அப்போது அமெரிக்காவிலேயே அவ்வளவு சாதாரணம் இல்லை. நூல் பேசப்பட்டது, நடைமுறை பெரிதாக மாறவில்லை.

1970, ஜனவரி 1

மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. அதுவரை அமெரிக்காவில் விவாகரத்து வேண்டுமென்றால் பொதுவாக ஒருவர் மேல் குற்றம் நிரூபிக்க வேண்டும். கொடுமை, கைவிடுதல், கள்ள உறவு என்று ஏதாவது ஒன்று. குற்றம் இல்லாதவர்களும் கோர்ட்டில் பொய் சொல்லிப் பிரிந்தார்கள். 1969-இல் கலிபோர்னியா ஆளுநர் ரொனால்டு ரீகன் (பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான், தாமும் விவாகரத்து ஆனவர்) புதிய குடும்பச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970 ஜனவரி 1 முதல் அங்கே யார் மேலும் குற்றம் சாட்டாமல் பிரிய முடிந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

1960-இல் அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு 2.2 விவாகரத்து. 1981-இல் 5.3. 1975-இலேயே ஆண்டு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சட்டம் மட்டுமே காரணம் இல்லை, அதற்கு முன்பே எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. பெண்கள் வேலைக்குப் போனது, மக்களின் எண்ணங்கள் மாறியது எல்லாம் சேர்ந்ததுதான். எப்படியோ, திடீரென்று ஒவ்வொரு வகுப்பறையிலும் சில பிள்ளைகள் இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்றார்கள். ஆசிரியர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மரின் கவுண்டியில் ஆறு வாரம்

இந்த இடத்தில்தான் ஜூடித் வாலர்ஸ்டைன் வருகிறார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. வசதியான, படித்த மக்கள் வாழும் இடம். 1971-இல் அவரும் ஜோன் கெல்லி என்ற உளவியலாளரும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 60 குடும்பங்கள், 131 பிள்ளைகள். புதிதாகப் பிரிந்த குடும்பங்களுக்கு ஆறு வாரம் இலவச ஆலோசனை. பதிலுக்கு அவர்கள் ஆய்வுக்கு ஒத்துழைக்க வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் தனித்தனியே பார்த்துப் பேசினார்கள். அப்பாவையும்! எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

அவர்கள் கண்டது என்ன? சின்னப் பிள்ளைகளில் பலருக்கு, வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவே இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அப்பா இல்லை. அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் விட்டுப் போகலாம் என்றால் நம்மையும் ஒரு நாள் விட்டுப் போகலாமே என்று அந்தக் குழந்தைகள் பயந்தார்கள். தங்களால்தான் இது நடந்தது என்று நினைத்தவர்களும் உண்டு. சற்றுப் பெரிய பிள்ளைகள் கோபத்தில் இருந்தார்கள், ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்கத்தை வெறுத்தார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்புதான் நம் கதைக்கு முக்கியம். பிரிவின்போது பெற்றோராக இருக்கும் சக்தியே பெரியவர்களுக்குக் குறைந்துபோகிறது என்றார்கள். பிள்ளைக்கு மிக அதிகமாகத் துணை தேவைப்படும் அதே மாதங்களில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்களையே தாங்க முடியாமல் இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு நேரம் தவறுகிறது, தூங்கும் நேரம் தவறுகிறது, கண்டிப்பு ஒரு நாள் அதிகம், மறுநாள் இல்லவே இல்லை. இதை வாலர்ஸ்டைனும் கெல்லியும் யாருடைய குணக்கேடாகவும் பார்க்கவில்லை. முப்பது வருடமாக நடந்த அம்மா வேட்டைக்குப் பிறகு இது பெரிய மாற்றம். பெற்றோரை உள்ளே கூப்பிட வேண்டும், ஆனால் விசாரிக்க அல்ல, தாங்கிப் பிடிக்க.

ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக இருந்தார்கள். இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணங்களாக அவர்கள் சொன்னவை: பெற்றோருக்குள் சண்டை தொடர்கிறதா, கூட இருக்கும் பெற்றோர் மீண்டு எழுந்தாரா, கூட இல்லாதவர் விடாமல் வந்து பார்க்கிறாரா. மூன்றுமே பெற்றோர் சம்பந்தப்பட்டவை! 1980-இல் இவை நூலாக வந்தன.

ஆனால் இந்த ஆய்வின் மேல் பலத்த விமர்சனமும் உண்டு. ஒரே வசதியான ஊர். ஒப்பிட்டுப் பார்க்கப் பிரியாத குடும்பங்கள் ஆரம்பத்தில் இல்லை. அதே காலத்தில் வர்ஜீனியாவில் மேவிஸ் ஹெதரிங்டன் நான்கு வயதுக் குழந்தைகள் உள்ள 72 விவாகரத்தான குடும்பங்களையும் 72 விவாகரத்து ஆகாத குடும்பங்களையும் ஒப்பிட்டார். முதல் வருடம் மிகக் கடினம், இரண்டாம் வருட முடிவுக்குள் பெரும்பாலானவை நிலைக்கு வருகின்றன என்றார். 2002-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளில் 20 முதல் 25 சதவீதம் பேருக்குத் தீவிரமான பிரச்சினைகள், மற்ற வீடுகளில் 10 சதவீதம். அதாவது ஆபத்து இரு மடங்குக்கு மேல் ஆகிறது. ஆனால் நான்கில் மூன்று பேர் நன்றாகவே வளர்கிறார்கள். (இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல், மறைக்கவில்லை.)

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டும்

எல்லாக் குடும்பத்துக்கும் தனித்தனியே ஆறு வாரம் கொடுக்க எந்த ஊராலும் முடியாது. எனவே 1970களின் பிற்பாதியிலும் 1980களிலும் பள்ளிகளில் குழுக்கள் வந்தன. பெற்றோர் பிரிந்த ஏழெட்டுப் பிள்ளைகளை வாரம் ஒரு முறை கூட்டி உட்கார வைப்பது. இதில் பேர் பெற்றது நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் பெட்ரோ-கரோலும் எமரி கோவனும் உருவாக்கிய திட்டம். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தை உடைப்பது, உன்னால் தீர்க்க முடிந்த பிரச்சினை எது, முடியாதது எது என்று பிரித்துக் காட்டுவது ஆகியவை அதன் மையம். அப்பா அம்மாவை மறுபடி சேர்த்து வைப்பது உன் வேலை இல்லை, அது உன்னால் முடியாதது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். 1985-இல் வெளியான முடிவுகளில் அந்தப் பிள்ளைகளின் பதற்றம் குறைந்து பள்ளியில் நடத்தை மேம்பட்டிருந்தது.

அதே 1985-இல் வர்ஜீனியாவிலிருந்து ஓர் ஆச்சரியமான முடிவும் வந்தது. ஆர்னால்ட் ஸ்டோல்பெர்க் என்பவர் குடும்பங்களை நான்காகப் பிரித்துப் பார்த்தார். முதல் பிரிவில் பிள்ளைகளுக்கு மட்டும் குழு. இரண்டாவதில் அம்மாக்களுக்கு மட்டும். மூன்றாவதில் இருவருக்கும். நான்காவதில் எதுவும் இல்லை. யாராக இருந்தாலும் மூன்றாவதுதான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவோம். நடந்தது வேறு. பிள்ளைகள் மட்டும் வந்த குழுவில் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய எண்ணம் உயர்ந்தது. அம்மாக்கள் மட்டும் வந்த குழுவில் அம்மாக்கள் தேறினார்கள். இருவரும் வந்த குழுவில் எதிர்பார்த்த பலன் இல்லை!

ஏன்? அந்தக் குழுக்களின் குடும்பங்கள் ஆரம்பத்திலேயே ஒரே மாதிரி இல்லை என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் எனக்குப் படுகிறது. அம்மாக்களின் குழு பெரும்பாலும் அம்மாக்களின் சொந்த வாழ்க்கையைச் சீராக்குவதைப் பற்றியது. பிள்ளையிடம் இன்று மாலை எப்படி நடந்துகொள்வது என்பது அதில் குறைவு. அம்மா தேறினால் பிள்ளை தானாகத் தேறும் என்ற நம்பிக்கை மட்டும் போதவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, கூப்பிட்டு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

அரிசோனாவும் ஒரிகானும்

அந்தக் கேள்வியை நேராகப் பிடித்துக்கொண்டவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷார்லீன் வோல்சிக்கும் இர்வின் சாண்ட்லரும். அவர்களுடைய திட்டத்தின் பெயர் 'புதிய தொடக்கங்கள்'. அம்மாக்களுக்குப் பதினொரு வாரக் குழு. சொல்லிக் கொடுத்தவை எல்லாம் மிகச் சிறிய விஷயங்கள். வாரம் ஒரு முறை குடும்பமாகச் சிரித்து விளையாட ஒரு நேரம். ஒவ்வொரு பிள்ளையுடனும் தனியாகச் சில நிமிடங்கள். தப்பு செய்யும்போது பிடிப்பதை விட்டு, நல்லது செய்யும்போது கவனித்துச் சொல்வது. பிள்ளை பேசும்போது குறுக்கே பாயாமல் கேட்பது. விதிகள் குறைவாக, ஆனால் மாறாமல் வைத்திருப்பது. பிள்ளையின் முன் அப்பாவைத் திட்டாமல் இருப்பது. வகுப்பில் கேட்டுவிட்டுப் போனால் போதாது, அந்த வாரம் வீட்டில் செய்துபார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

1990களில் 240 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கல் போல மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளைகளுக்கு 9 முதல் 12 வயது. ஒரு பிரிவில் அம்மாவுக்கு மட்டும் குழு. இன்னொன்றில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் குழு. மூன்றாவது பிரிவுக்கு விவாகரத்தைப் பற்றிய புத்தகங்கள் மட்டும். ஆறு வருடம் கழித்து, அந்தப் பிள்ளைகள் பருவ வயதில் இருந்தபோது, மறுபடி தேடிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது குடும்பங்கள் கிடைத்தன. 2002-இல் வெளியான முடிவு இது. அந்த ஒரு வருடத்தில் மனநலக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள், புத்தகம் மட்டும் பெற்ற குடும்பங்களில் 23.5 சதவீதம். அம்மாவும் பிள்ளையும் கலந்துகொண்ட பிரிவில் 11 சதவீதம். பாதிக்கும் குறைவு!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அம்மா மட்டும் வந்த பிரிவுக்கும், அம்மா பிள்ளை இருவரும் வந்த பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைக்குத் தனிக் குழு வைத்ததால் கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம்தான். வேலையின் பெரும்பகுதியைச் செய்தது அம்மாவுக்குக் கிடைத்த உதவி.

ஒரிகானில் மேரியன் ஃபோர்காட்சும் டேவிட் டிகார்மோவும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புதிதாகப் பிரிந்த 238 அம்மாக்கள், எல்லோருக்கும் ஆரம்பப் பள்ளி வயதில் மகன்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வளர்ப்பு முறைப் பயிற்சி. பையன்களை ஆலோசகர் யாரும் தொடவே இல்லை. 1999-இல் வெளியான முடிவின்படி, அம்மாக்களின் வளர்ப்பு முறை மாறியது, அதன் வழியாகப் பையன்களும் மாறினார்கள். ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் மகன்கள் போலீசில் பிடிபட்டதும் குறைவு.

என் பழைய கணக்கைத் தலைகீழாக்கிய இடம் இது. ஆறு சனிக்கிழமையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் முதலில் நாற்காலி போட்டிருக்க வேண்டுமோ?

அப்பாக்களும் கோர்ட்டும்

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எல்லாம் அம்மா அம்மா என்றே இருக்கிறதே, அப்பா எங்கே? நியாயமான கேள்வி. பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவிடம் இருந்ததால் ஆய்வுகளும் அம்மாவையே தேடின. அப்பாவை அழைத்துவந்தது உளவியலைவிடக் கோர்ட்தான். கலிபோர்னியாவில் 1981 முதல், பிள்ளை யாரிடம் என்ற வழக்கு விசாரணைக்குப் போகும் முன் இருவரும் சமரசப் பேச்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. வர்ஜீனியாவில் ராபர்ட் எமரி, வழக்காடிய குடும்பங்களையும் சமரசத்தில் பேசிய குடும்பங்களையும் ஒப்பிட்டார். சமரசம் எடுத்துக்கொண்டது சராசரியாகச் சில மணி நேரமே. பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அந்தச் சில மணி நேரம் பேசிய குடும்பங்களில், தனியாக வாழும் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பதும் பேசுவதும் அதிகமாக இருந்தது. 1990களில் பல மாநிலக் கோர்ட்டுகள் பிரியும் பெற்றோருக்கு வகுப்பு வைத்தன. பெரும்பாலும் ஒரு நாளில் முடியும் வகுப்பு. அரிசோனாத் திட்டமும் பிற்பாடு கோர்ட்டுகளுடன் சேர்ந்து நடந்தபோது அப்பாக்களுக்கும் குழு வைத்தது.

எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைப்பது எப்போதும் நல்லதா? இல்லை. அடி உதை நடந்த வீட்டில் அது ஆபத்து. அடித்தவரும் அடிபட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து சமமாகப் பேச முடியாது. இதனால்தான் அப்படிப்பட்ட வழக்குகளில் இருவரையும் தனித்தனியே, வேறு வேறு நேரத்தில் பார்க்கக் கலிபோர்னியாச் சட்டமே இடம் கொடுத்தது. இரண்டாவது ஆபத்து ரகசியம். பிள்ளை ஆலோசகரிடம் சொன்னது நாளை வக்கீல் வாயில் வந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் மறுபடி யாரிடம் பேசும்? அதனால் பெற்றோரை உள்ளே அழைப்பது என்றால் பிள்ளை சொன்னதை அவர்களிடம் ஒப்பிப்பது என்று அர்த்தம் இல்லை. பிள்ளைக்கு ஒரு நேரம், அப்பாவுக்கு ஒரு நேரம், அம்மாவுக்கு ஒரு நேரம், முடிந்தால் சேர்ந்து ஒரு நேரம். எது வெளியே போகும், எது போகாது என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவது. 1971-இல் மரின் கவுண்டியில் தனித்தனியே பார்த்தார்களே, அதில் இந்த ஞானம் கொஞ்சம் இருந்தது.

நம் நாட்டிலும் 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தபோது ஆலோசகர்களுக்கு அதில் இடம் வைத்தார்கள். ஆனால் அங்கே முதல் முயற்சி தம்பதியைச் சமாதானம் செய்வது. பிரிவது என்று முடிவான பிறகு அந்தப் பிள்ளைக்காக இருவரும் எப்படிப் பெற்றோராகத் தொடர்வது என்பது வேறு வேலை. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்த நூறு வருட வரலாற்றில் நான் கற்ற பாடம்.

கடைசியாக

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அரிசோனாக் கதையையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "உன்னையும் உள்ளே கூப்பிட்டிருக்கணும்மா" என்றேன். "கூப்பிட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றார். "எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். வெளியே உட்கார்ந்துகிட்டு அதைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பேன்."

1943-இல் எழுதப்பட்ட புத்தகத்தை அம்மா படித்ததில்லை. ஆனால் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பஸ்ஸில் பேசாமல் வந்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பத்து வருடம் கழித்து இப்போதுதான் யோசிக்கிறேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த லீவில் கேட்பேன்.

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதை எங்கே அழைத்துப் போவது என்று யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஆலோசகரிடம் முதல் நாளே கேட்கட்டும்: "எங்களுக்கும் ஏதாவது சொல்லித் தருவீங்களா?" தப்பு செய்தவர்கள் கேட்கும் கேள்வி இல்லை இது. பிள்ளையோடு மிச்ச ஆறு நாளும் வீட்டில் இருக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த முறை இவ்வளவு கனமாக இருக்காது.